கழுவும் நேரம்

டயாலிசிஸ் பிரிவில் புதிதாகச் சேருகிற பையன்கள் நேரே மிஷினிடம் போய் நிற்பார்கள். திரை, எண்கள், அலாரம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. நான் அவர்களை முதலில் பின்கட்டுக்குக் கூட்டிப்போவேன். அங்கே ஒரு சிங்க், ஆர்.ஓ. தண்ணீர்க் குழாய், அலமாரி நிறைய நோயாளிகளின் பெயர் எழுதிய டயலைசர்கள் (ரத்தத்தை வடிகட்டும் இழைகள் நிறைந்த குழல்கள்), மூக்கைத் துளைக்கும் நெடி. ஊசி குத்திய ஐந்தாவது நிமிடத்தில் ஒருவருக்கு உடம்பு அரிக்குமா, மூச்சு முட்டுமா என்பது பாதிக்கு மேல் இந்த அறையில் தீர்மானமாகிற விஷயம். மீதி, நாம் கண்ணால் பார்க்காத ஏதோ ஒரு தொழிற்சாலையில் தீர்மானமாகிறது. இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றுதான்: கிருமியைக் கொல்லப் போட்ட மருந்தை வெளியேற்ற எவ்வளவு நேரம் கொடுத்தார்கள்?

எண்பதுகளின் கடைசியில் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். அன்று டயலைசர் கடல் கடந்து வரவேண்டிய பொருள். ஒருமுறை ஓட்டிவிட்டுத் தூக்கிப் போடுகிற வசதி எங்களிடம் வந்தவர்களில் அநேகமாக யாருக்கும் கிடையாது. நகையை அடகு வைத்து, நிலத்தை விற்று வந்தவர்கள்தான் அதிகம். ஆகவே ஒரே டயலைசரை அவருக்கே திரும்பத் திரும்பப் போடுவோம். முடிந்ததும் ரத்தம் போகக் கழுவி, இழைகளுக்குள் எவ்வளவு நீர் பிடிக்கிறது என்று அளப்போம். முதலில் இருந்த அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அது குப்பைக்கு. தேறினால் 4 சதவீத ஃபார்மால்டிஹைடை நிரப்பி, இரண்டு முனையையும் மூடி, குறைந்தது 24 மணி நேரம் அலமாரியில் வைப்போம்.

அந்த வேலையை நாங்கள் ‘ஃபார்மலின் போடுவது’ என்போம். கண் கரிக்கும், தொண்டை கமறும். எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும்; அதைத் தவிர பாதுகாப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஃபார்மலின் போடுவதில் தகராறு வராது. தகராறெல்லாம் அதை எடுப்பதில்தான். அடுத்த முறை நோயாளி வந்து படுக்கும் முன் டயலைசரைத் தண்ணீராலும் சலைனாலும் நன்றாக அலச வேண்டும். கடைசியாக வரும் நீரில் ஃபார்மால்டிஹைடு மிச்சம் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அவசரத்தில் அலசினால், பம்ப் ஓடத் தொடங்கியதுமே நோயாளி சொல்லிவிடுவார்: “தம்பி, கை எரியுது.” ரத்தம் உடம்புக்குத் திரும்பும் ஊசி இருக்கிற இடத்தில்தான் அந்த எரிச்சல் தொடங்கும். பிறகு அரிப்பு வரும்.

உடனே தெரியாத கெடுதலும் உண்டு. சிவப்பணுக்களின் மேல் ‘என்’ என்று பெயரிட்ட ஓர் அடையாளப் பொருள் இருக்கிறது. மிச்சமிருக்கும் ஃபார்மால்டிஹைடு அதன் வடிவத்தைக் கொஞ்சம் மாற்றிவிட, உடம்பு தன்னுடைய அணுவையே அந்நியமாக எண்ணி எதிர்ப்பொருள் தயாரிக்கத் தொடங்கும். 1970களிலேயே வெளிநாடுகளில் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தும்போது இந்த எதிர்ப்பொருள் தொல்லை கொடுத்த கதைகளை எங்கள் டாக்டர்கள் சொல்வார்கள். சிங்க்கில் மிச்சம் பிடித்த பத்து நிமிடம், வருஷக்கணக்கில் காத்திருந்து செய்கிற ஆபரேஷனில் போய் விடிகிறது.

அந்த நாட்களில் காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து ஒரு பட்டு நெசவாளர் வருவார். டயலைசர் தேறவில்லை, புதிது போட வேண்டும் என்று சொன்னால் முகம் சுண்டிவிடும். “பழசே ஓடட்டும் தம்பி, புதுசு வேணாம்” என்பார். காசுக்கு யோசிக்கிறார் என்றுதான் வார்டில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஒருநாள் புதிது போட்டே ஆகவேண்டியிருந்தது. தொடங்கிய சில நிமிடங்களில் உள்ளங்கை நமநமக்கிறது என்றார். அடுத்து காது மடல் சிவந்தது, கழுத்தில் தடிப்புத் தடிப்பாக எழும்பியது, இருமல், நெஞ்சு அடைப்பு. ஓடிவந்த டாக்டர் மிஷினைப் பார்க்கவே இல்லை. “பம்பை நிறுத்து. ரெண்டு லைனையும் க்ளாம்ப் பண்ணு. ரத்தத்தைத் திருப்பி ஏத்தாதே.”

கடைசியாகச் சொன்ன அந்த வார்த்தை எங்கள் கைப்பழக்கத்துக்கு நேர்எதிர். டயலைசரிலும் குழாயிலுமாக ஏறக்குறைய 200 மில்லி ரத்தம் நிற்கும். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு ரத்தம் எப்போதுமே குறைவு. ரத்தம் ஊறவைக்கும் எரித்ரோபாய்டின் ஊசிக்கு அமெரிக்காவிலேயே 1989-ல்தான் அனுமதி கிடைத்தது. எங்கள் நோயாளிகளுக்கு அது எட்டாக்கனி. ஒரு சொட்டுக்கூட வீணாகாமல் உடம்புக்குத் திருப்ப வேண்டும் என்றே எங்களைப் பழக்கியிருந்தார்கள். ஆனால் ஒவ்வாமையைக் கிளப்பிய பொருள் அந்த 200 மில்லியில்தான் கலந்திருக்கிறது. திருப்பி ஏற்றினால் அதையும் சேர்த்து ஏற்றுகிறோம். அன்று அந்த ரத்தம் குழாயோடு குப்பைக்குப் போனது. அட்ரினலின், ஆக்ஸிஜன், ஸ்டீராய்டு கொடுத்த பிறகு ஐயா எழுந்து உட்கார்ந்தார். முந்தைய இரண்டு புது டயலைசருக்கும் உடம்பு லேசாக அரித்தது என்று அப்போதுதான் சொன்னார். சொன்னால் டயாலிசிஸையே நிறுத்திவிடுவார்களோ என்று பயந்திருக்கிறார்.

காரணம் எத்திலீன் ஆக்ஸைடு என்ற வாயு. எங்கள் வட்டாரத்தில் அது ‘ஈடிஓ’. வெப்பம் தாங்காத பிளாஸ்டிக் சாமான்களை அட்டைப்பெட்டியோடு ஒரு கலத்துக்குள் அடுக்கி, இந்த வாயுவைச் செலுத்திக் கிருமி நீக்குவார்கள். அட்டை, உறை எல்லாவற்றையும் ஊடுருவிப் போய்க் கிருமியைக் கொல்லும். அதே குணத்தால் பிளாஸ்டிக்குக்குள்ளும் ஊறிப்போகும். டயலைசரில் ஆயிரக்கணக்கான இழைகளை இரு முனையிலும் பிடித்து நிறுத்தும் பாலியூரித்தேன் பசைக்கட்டிதான் அதிகமாக உறிஞ்சி வைத்துக்கொள்ளும் இடம். ரத்தம் பட்டதும் அங்கிருந்து கசிந்து, ரத்தத்திலுள்ள அல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டுப்பொருளுக்கு உடம்பு ஒருமுறை விரோதம் பாராட்டிவிட்டால், அடுத்தடுத்த புது டயலைசர் ஒவ்வொன்றுக்கும் கூடுதலாகச் சீறும். பழைய டயலைசரில் அந்த வாயு எப்போதோ கழுவப்பட்டுப் போயிருக்கும். நெசவாளரின் உடம்பு இதைத் தானாகவே கற்றுக்கொண்டு ‘பழசே போதும்’ என்று அவரைச் சொல்லவைத்திருக்கிறது.

1988-ல் டாகிர்டாஸ், இங் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் புது டயலைசரை முதல்முறை போடும்போது வரும் இந்தத் தொல்லைகளை இரண்டாகப் பிரித்து எழுதினார்கள். தொடங்கிய சில நிமிடங்களில் அரிப்பு, தடிப்பு, மூச்சுமுட்டலோடு வருவது ‘ஏ’ வகை. உயிருக்கே ஆபத்து, உடனே நிறுத்த வேண்டும். சற்றுத் தாமதமாக, இருபது நாற்பது நிமிடம் கழித்து நெஞ்சுவலியும் முதுகுவலியுமாக வருவது ‘பி’ வகை. பழைய செல்லுலோஸ் இழைகளில் அதிகம், பெரும்பாலும் ஆக்ஸிஜன் கொடுத்துத் தொடர்ந்து ஓட்டலாம். இந்தப் பாகுபாடு எங்களுக்குக் கையில் ஒரு கடிகாரத்தைக் கொடுத்தது. “எத்தனாவது நிமிஷத்துல ஆரம்பிச்சுது?” என்பது முதல் கேள்வியானது. புது டயலைசரையும் கழுவித்தான் போட வேண்டும் என்ற வழக்கம் எங்கள் பிரிவில் ஏற்பட்டதும் அப்போதுதான். சீல் வைத்து வந்த பொருளை எதற்குக் கழுவ வேண்டும் என்று ஸ்டோர்ஸில் கேட்டார்கள். ஒரு லிட்டர் சலைன் கூடுதலாகக் கேட்டால் கேள்வி வரத்தானே செய்யும்.

தொண்ணூறுகளில் ஃபார்மலின் மெல்ல விடைபெற்றது. பெராசெட்டிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்ஸைடும் கலந்த கரைசல்கள் வந்தன. காடி நெடிதான் அடிக்கும், கண் கரிப்பு குறைவு. உடைந்தால் அசெட்டிக் அமிலம், ஆக்ஸிஜன், தண்ணீர் என்று பிரிந்துவிடும். மிச்சம் பார்ப்பதற்கு ஒரு காகிதப் பட்டை போதும். எங்களுக்கெல்லாம் நிம்மதி. ஆனால் அதிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. அலசி, பட்டையில் நிறம் மாறவில்லை என்று பார்த்து டயலைசரை மிஷினில் மாட்டிவைப்போம். நோயாளி வர ஒரு மணி நேரம் தாமதமாகும். மறுபடி பட்டையை நனைத்தால் நிறம் மாறும்! ஊறுகாய் ஜாடியைக் கழுவிக் கவிழ்த்து, மறுநாள் மூடியைத் திறந்தால் பழைய வாசனை திரும்ப அடிக்குமே, அதுதான் நடக்கிறது. இழையின் சுவரிலும் பசைக்கட்டியிலும் ஊறியிருந்தது நிதானமாக வெளியே வருகிறது. கழுவி முடித்த நேரத்துச் சோதனை பாதிச் சோதனைதான். ஊசி குத்துவதற்குச் சற்று முன் செய்வதே முழுச் சோதனை.

அதே காலத்தில் இன்னொரு பாடம். 1990-ல் பெல்ஜியத்திலிருந்து ஒரு செய்தி வந்தது: ஏஎன்69 என்ற வகை இழையில் டயாலிசிஸ் செய்துகொண்ட சிலருக்குச் சில நிமிடங்களிலேயே மோசமான ஒவ்வாமை. அவர்கள் எல்லோரும் எனலாப்ரில் வகை ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள். அந்த இழை ரத்தத்தில் பிராடிகைனின் என்ற பொருளைத் தூண்டுகிறது. சாதாரணமாக உடம்பு அதை உடனே சிதைத்துவிடும். இந்த மாத்திரையோ அந்தச் சிதைவைத் தடுக்கிறது. இழையும் மாத்திரையும் தனித்தனியே சாது, சேர்ந்தால் வில்லங்கம். பிறகு மறுபயன்பாட்டு டயலைசர்களிலும் இதே மாத்திரைக்காரர்களுக்குத் தொல்லை வந்ததாக அமெரிக்காவிலிருந்து செய்தி வந்தது. அன்றிலிருந்து “என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?” என்ற கேள்வியையும் படுக்கையருகே கேட்கத் தொடங்கினோம்.

தொழிற்சாலையில் நடப்பது எவ்வளவு தூரம் வந்து தாக்கும் என்பதை 2001 காட்டியது. அந்த ஆண்டு ஸ்பெயினிலும் குரோஷியாவிலும் வேறு சில நாடுகளிலும் டயாலிசிஸ் முடிந்த சில மணி நேரத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குரோஷியாவில் மட்டும் 23 பேர். எல்லோருக்கும் பாக்ஸ்டர் நிறுவனத்தின் ஆல்தேன் வகை டயலைசர். ஸ்வீடனில் ரோன்னெபி என்ற ஊர்த் தொழிற்சாலையில், ஓட்டை இருக்கும் இழைகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய ஃப்ளூரின் கலந்த ஒரு திரவத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அது முழுதாக வெளியேற்றப்படாமல் சில டயலைசர்களில் தங்கிவிட்டது. உடம்புச் சூட்டில் வாயுவாக மாறி, நுரையீரல் ரத்தக்குழாய்களை அடைத்தது. நிறுவனமே அந்த ஆண்டு நவம்பரில் இதை ஒப்புக்கொண்டு அந்த வகையையே கைவிட்டது. இது ஒவ்வாமை அல்ல. ஆனாலும் வேர் ஒன்றுதான்: வேலை முடிந்த ரசாயனம் வெளியேறியதா என்று உறுதிசெய்யாமல் பெட்டி கிளம்பியிருக்கிறது.

2007 முடிவிலும் 2008 தொடக்கத்திலும் அமெரிக்காவில் டயாலிசிஸ் நோயாளிகளுக்குக் கூட்டம் கூட்டமாக ஒவ்வாமை வந்தபோது குற்றவாளி டயலைசரே அல்ல; ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின். சீனாவிலிருந்து வந்த மூலப்பொருளில் ஹெப்பாரினைப் போலவே தோற்றமளிக்கும் வேறொரு பொருள் கலந்திருந்தது. அன்றைய வழக்கமான சோதனைகளில் அது பிடிபடாது. எனவே என் சந்தேகப் பட்டியல் நீண்டது: டயலைசர், குழாய், ஊசி, ஹெப்பாரின், மாத்திரை, தண்ணீர், கையில் தடவும் ஸ்பிரிட், ஒட்டும் பிளாஸ்டர் வரை.

அந்தக் காலத்தில்தான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சிறிய டயாலிசிஸ் மையத்துக்கு வந்தேன். இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை, சுங்குவார்சத்திரம் போகும் வழியெல்லாம் எலக்ட்ரானிக்ஸ், ஒரகடத்தில் புதிது புதிதாக எழும்பிக்கொண்டிருந்த வாகனத் தொழிற்சாலைகள். சென்னையில் நான் பார்த்த நோயாளிகள் பெரும்பாலும் வயதானவர்கள். இங்கே முப்பது வயதுப் பையன் ஐடி கார்டோடும் சேஃப்டி ஷூவோடும் வந்து படுப்பான். ஏ ஷிஃப்ட் முடித்துவிட்டு நான்கு மணி நேரம் டயாலிசிஸ், மறுநாள் காலை மறுபடி ஏ ஷிஃப்ட். ஒரு வேளைக்கு ஒருவருக்கு 120 லிட்டர் சுத்த நீர் ஓடும். அவசரமோ அதைவிட வேகமாக ஓடும். இஎஸ்ஐ கார்டு இருந்தவர்களுக்குப் பணக்கவலை குறைவு. 2012-ல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம் மற்றவர்களில் பலரையும் உள்ளே கொண்டுவந்தது. கூட்டம் கூடியது. மையம் மூன்று வேளை ஓடியது. ஒருவர் எழுந்து அடுத்தவர் படுப்பதற்கான இடைவெளி சுருங்கியது. அந்த இடைவெளியில்தான் மிஷினைச் சுத்தம் செய்ய வேண்டும், புது செட் மாட்ட வேண்டும், அலச வேண்டும்.

செய்யாறு பக்கத்துப் பையன் ஒருவன், ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் காண்ட்ராக்டில் இருந்தவன், மூன்றாம் வேளைக்கு வருவான். தொடங்கியதும் தும்மல், மூக்கொழுகல், கண்ணோரம் அரிப்பு. “ஏசி ஒத்துக்கலண்ணே” என்று அவனே ஒரு காரணம் சொல்லிவைத்திருந்தான். டயலைசர் நீராவியில் கிருமி நீக்கியது, ஈடிஓ கிடையாது. ஹெப்பாரின் கம்பெனியை மாற்றிப் பார்த்தோம், குறையவில்லை. ரத்தச் சோதனையில் ஈசினோஃபில் அணுக்கள் எகிறியிருந்தன. ஏதோ ஒவ்வாமை நடக்கிறது என்பதற்கு அது ஒரு சாட்சி. எல்லா உறைகளையும் மேசையில் பரப்பி எழுத்துகளைப் படித்தோம். டயலைசர் உறையில் நீராவிக்கான குறி. ரத்தக்குழாய் செட்டின் உறையில் ‘ஸ்டெரைல்’ என்பதன் பக்கத்துக் கட்டத்தில் ‘ஈஓ’, அதாவது எங்கள் ஈடிஓதான். தயாரித்த தேதி மிகவும் அண்மையது; வாயு வெளியேறப் போதிய நாள் ஆகியிருக்காது. பழைய சரக்கு தீர்ந்து இந்தப் புது லாட் வந்த பிறகுதான் தும்மல் அதிகமானது என்பது ரிஜிஸ்டரைப் புரட்டியபோது தெரிந்தது. அதோடு மூன்றாம் வேளையில் அலசும் நேரம் இருப்பதிலேயே குறைவு. இரண்டும் சேர்ந்து அவன் மூக்கில் வந்து நின்றன. கதிர்வீச்சில் கிருமி நீக்கிய குழாய் செட்டை வரவழைத்து, நிதானமாக இரண்டு லிட்டர் சலைன் ஓட்டிய பிறகு அவனுக்குத் தும்மல் இல்லை.

அரிக்கிறது என்று ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா நிறுத்துவீங்க, லேட்டாகும். கடைசி பஸ் போயிடும்ணே. நாளைக்கு லீவு போட்டா சம்பளம் கட்டு.” பட்டு நெசவாளரின் பயமும் இவனுடைய பயமும் வேறு வேறு. இரண்டும் நோயாளியின் வாயை அடைத்தன. அதனால் “ஏதாவது செய்யுதா?” என்று பொதுவாகக் கேட்பதை விட்டுவிட்டேன். “உள்ளங்கை அரிக்குதா? காது சூடா இருக்கா? தொண்டையில் ஏதாவது அடைக்குதா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் பதில் வரும்.

2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டபோது வேறுவிதச் சோதனை. டேங்கர் தண்ணீரில் எங்கள் பிழைப்பு. சில லோடுகளில் குளோரின் நெடி தூக்கும். கார்பன் ஃபில்டர் அதை முழுதாகப் பிடிக்காவிட்டால் சிவப்பணுக்கள் உடையும். தலைவலி, குமட்டல், நெஞ்சுவலி வரும், பார்க்க ஒவ்வாமை போலவே இருக்கும். ஆனால் குழாயில் ரத்தம் திராட்சைச்சாறு நிறத்தில் தெளிந்துபோயிருக்கும். தண்ணீர்க் கோளாறென்றால் ஒரே நேரத்தில் பலருக்கு வரும். டயலைசர் கோளாறு பெரும்பாலும் ஒருவருக்கு வரும். ஒரு லோடுக்கு ஒரு குளோரின் சோதனை என்று அப்போது வைத்த விதி ஏரி நிரம்பிய பிறகும் தொடர்ந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் வல்லம் வடகால் பக்கம் ஒரு மருத்துவக் கருவித் தொழிற்சாலையில், நோயாளியிடம் என்ன நடக்கிறது என்று ஊழியர்களுக்குச் சொல்ல அழைத்தார்கள். என் தொழிலின் மறுமுனையை அன்றுதான் நேரில் பார்த்தேன். ஈடிஓ கலம் ஒரு லாரி உள்ளே போகும் அளவு. வெப்பம், ஈரப்பதம், வாயுவின் அடர்த்தி, நேரம் நான்கையும் பிடித்து வைக்கிறார்கள். சரக்கோடு கிருமி விதைகள் தடவிய பட்டைகளை உள்ளே வைத்து, வெளியே எடுத்து வளர்த்துப் பார்க்கிறார்கள், முளைக்காவிட்டால்தான் பாஸ். அந்த வாயு தீப்பற்றும். 1994-லேயே உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்க விதிப்படி வேலையிடத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் அனுமதி. மூக்குக்கு வாசனை தெரிவதற்கோ பல நூறு பங்கு வேண்டும். மூக்கை நம்பி அங்கே வேலை செய்ய முடியாது, சுவரில் மீட்டர்கள்.

கலத்தைவிட அதற்கடுத்த அறைதான் என்னை ஈர்த்தது. சூடான காற்று ஓடும் அறையில் பெட்டிகள் அடுக்கடுக்காக நின்றன. வாயு வெளியேறக் காத்திருக்கும் சரக்கு. ரத்தச் சுத்திகரிப்புச் சாதனம் ஒன்றில் 4.6 மில்லிகிராமுக்கு மேல் ஈடிஓ மிஞ்சக் கூடாது என்று சர்வதேசத் தரவிதி சொல்கிறது. அங்கே வேலை பார்த்த பெண் கேட்டாள்: “சார், டெஸ்பாட்ச்காரங்க தினம் வந்து, சும்மாதானே நிக்குது, அனுப்புங்கன்றாங்க. ரெண்டு நாள் முன்னாடி போனா நெஜமாவே என்ன ஆகும்?” செய்யாறு பையன் கதையைச் சொன்னேன். “எங்க ஊர்ப்பக்கமா?” என்றாள். டெஸ்பாட்ச் பொறுப்பாளரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அவர் முழுதாகக் கேட்டார், எதுவும் சொல்லவில்லை.

இப்போது நிலைமை நிறைய மாறியிருக்கிறது. நல்ல டயலைசர்கள் பல நீராவியிலோ கதிர்வீச்சிலோ கிருமி நீக்கியே வருகின்றன. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் மையங்கள் பெருகிவிட்டன. 2017-ன் மருத்துவக் கருவி விதிகளுக்குப் பிறகு பெட்டியின் மேல் என்ன எழுத வேண்டும், யார் பொறுப்பு என்பதெல்லாம் கெட்டியாகியிருக்கிறது. ஒரகடத்தில் சுமார் 350 ஏக்கரில் மருத்துவக் கருவிப் பூங்காவுக்கும் திட்டமிட்டிருக்கிறார்கள். நாங்கள் கடல் கடந்து வாங்கிய சாமான் நம் வாசலிலேயே தயாராகும் நாள் வந்தால் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஆனால் மறுபயன்பாடு போனதோடு ஒரு பழக்கமும் போய்க்கொண்டிருக்கிறது. ஃபார்மலின் காலத்து ஆட்களுக்கு அலசுவது ரத்தத்தில் ஊறியது. விட்டால் நோயாளி கத்துவார். இன்றைய பையன்களுக்கு உறையைக் கிழித்தால் எல்லாம் சுத்தம். கிருமி இல்லை என்பது உண்மை. ரசாயனம் இல்லை என்று அந்த உறை எங்கும் சொல்லவில்லை. டயலைசர் நீராவியில் வந்தாலும் குழாயும் ஊசியும் இன்னமும் ஈடிஓவில் வருகின்றன. ஈடிஓவே படாத இழைக்கும் ஒவ்வாமை வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

அதனால் புதிய மையம் தொடங்குகிறவர்கள் யோசனை கேட்டால் மிஷினின் மாடலைப் பற்றி நான் அதிகம் பேசுவதில்லை. கால அட்டவணையைக் கொண்டுவரச் சொல்கிறேன். இரண்டு வேளைகளுக்கு நடுவே அலசுவதற்கு நேரம் இருக்கிறதா? முதல் பத்து நிமிடம் டெக்னீஷியன் அந்தப் படுக்கையை விட்டு நகராமல் இருக்க ஆள் போதுமா? ஒவ்வாமை என்றால் 200 மில்லி ரத்தத்தைத் தூக்கிப்போட, டாக்டர் வரும்வரை காத்திராமல் க்ளாம்ப் பண்ண, அவனுக்கு அதிகாரம் உண்டா? லாட் எண் எழுதும் ரிஜிஸ்டர் இருக்கிறதா? ஒரு நாளைக்கு ஒரு நோயாளியைக் குறைத்தால்தான் இதெல்லாம் முடியும் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். குறையுங்கள் என்றுதான் சொல்கிறேன். கேட்டவர்களும் உண்டு, வேறு ஆளைப் பார்த்துக்கொண்டவர்களும் உண்டு.